நீரிஸ் ஸ்லைடு பெட்டி: வாங்கலாமா?

பி.எஸ்சி. விலங்கியல் பிராக்டிகலுக்காக எங்கள் துறையில் நீரிஸ் என்ற கடற்புழுவின் ஸ்லைடு பெட்டி ஒன்று வாங்கினோம். ஆறு ஸ்லைடு, 900 ரூபாய். நான்கு குறுக்குவெட்டு, ஒரு பாராபோடியா (புழுவின் பக்கவாட்டுக் கால்), ஒரு தலைப்பகுதி. குறுக்குவெட்டுகளுக்காகவே வாங்கலாம் என்பது என் கருத்து.

காரணம், முதுகுப்புற ரத்தக்குழாய். இந்தக் கடற்புழுவுக்குத் தனியாக இதயம் கிடையாது. குடலுக்கு மேலே ஓடும் இந்தக் குழாய்தான் அலையலையாகச் சுருங்கி ரத்தத்தைத் தலைப்பக்கம் தள்ளுகிறது. வயிற்றுப்புறக் குழாய் வழியாக அது பின்னால் போகிறது. ரெக்கார்டு நோட்டில் பிள்ளைகள் இதை ஒரு சின்ன வட்டமாக வரைந்துவிட்டுப் போய்விடுவார்கள். இந்த ஸ்லைடில் 40 எக்ஸ் லென்ஸைப் போட்டால் குழாய்ச் சுவரின் செல்களே தெரிகின்றன. அவற்றின் ஊதா நிற உட்கருக்கள் வெளிப்பக்கம், உடற்குழியை நோக்கிப் புடைத்து நிற்கின்றன. நம் ரத்தக்குழாய்க்குள் எண்டோதீலியம் என்ற செல் அடுக்கு இருக்கிறது. புழுவுக்கு அப்படியொரு முழு அடுக்கு இல்லை. உடற்குழியின் உறைச் செல்களே தசை இழைகளையும் தாங்கிக்கொண்டு குழாயைச் சுற்றி வளைத்திருக்கின்றன. அவற்றின் அடிச்சவ்வை, அதாவது செல்களுக்கு அடியிலுள்ள மெல்லிய படலத்தை, ஒட்டியே ரத்தம் ஓடுகிறது.

"மேடம், உள்ளே ரத்த செல்லையே காணோமே" என்றாள் ஒரு மாணவி. அருமையான கேள்வி. நீரிஸின் ஹீமோகுளோபின் நமக்குப்போலச் செல்லுக்குள் இல்லாமல், ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவிலேயே கரைந்திருக்கிறது. அதனால்தான் குழாய்க்குள் ஒரே சீரான இளஞ்சிவப்பு.

ஹீமடாக்சிலின்-ஈயோசின் சாயம் நன்றாகப் பிடித்திருக்கிறது. மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு நீள்தசைக் கட்டுகளும் பளிச்சென்று நிற்கின்றன. குடலைச் சுற்றிய மெல்லிய தசையையும் தவறாமல் காட்டுங்கள். நீரிஸின் உறவான பிளாட்டினீரிஸ் புழுவில் உடற்சுவர்த் தசை வரித்தசை (குறுக்கே வரிகள் உள்ளது), நடுக்குடல் தசை வரியற்றது என்று 2016-இல் ஹைடல்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தார் காட்டினார்கள். முதுகெலும்பிகளிலும் இதே இரண்டு வகை இருப்பதால், இவை பொது மூதாதையிடமிருந்தே வந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு ஸ்லைடைக் காட்டினால் பிள்ளைகள் பார்க்கும் விதமே மாறுகிறது.

சரி, குறைகள். ஒரு ஸ்லைடில் வெட்டு மடிந்து, நரம்பு வடமும் வயிற்றுப்புறக் குழாயும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. கேட்டதும் மாற்றிக் கொடுத்தார்கள். உடம்பின் எந்தப் பகுதி வெட்டு என்று லேபிளில் இல்லை. அப்புறம், எனக்குப் பெரிய ஏமாற்றம், வால்பகுதி நீள்வெட்டு இல்லாதது. இந்தப் புழுக்கள் வால்நுனிக்குச் சற்று முன்னாலுள்ள வளர்ச்சி மண்டலத்தில்தான் புது உடற்கண்டங்களை (உடல் வளையங்களை) சேர்க்கின்றன. புதுத் தசை செல்கள் உருவாவதைக் காட்ட அந்த வெட்டுத்தான் வேண்டும். எத்தனை குறுக்குவெட்டு இருந்தாலும் அதற்கு ஈடாகாது. தலைப்பகுதி ஸ்லைடுக்குப் பதிலாக அதைத் தரச்சொல்லிக் கேளுங்கள். குறுக்குவெட்டு ஒன்றைக் கடையிலேயே மைக்ரோஸ்கோப்பில் வைத்து, முதுகுப்புறக் குழாய் நசுங்காமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.