குற்றவியலா, தடயவியலா, சட்டமா? புலன் விசாரணைக்குப் போக நினைப்பவர் எதைப் படிக்கலாம்

அக்கா மகள் பிளஸ் டூ முடிக்கப் போகிறாள். சின்ன வயதிலிருந்தே போலீஸ் ஆசை. காக்கிச் சட்டை போட்டால் போதும் என்கிற ஆசை இல்லை. கொலை, கொள்ளை வழக்குகளில் துப்புத் துலக்க வேண்டும் என்கிறாள். "மாமா, அதுக்கு காலேஜ்ல என்ன படிக்கணும்?" என்று கேட்டாள். மூன்று மாதமாக அவளோடு சேர்ந்து நானும் அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழ்நாட்டில் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் எஸ்.ஐ. தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். தமிழ்த் தகுதித் தேர்வைத் தாண்டினால், எழுத்துத் தேர்வில் வருவது பொது அறிவும் உளவியல் பகுதியும்தான். டி.எஸ்.பி. ஆக குரூப் 1, ஐ.பி.எஸ்.ஸுக்கு யு.பி.எஸ்.சி.; அங்கேயும் எந்தப் பட்டமும் செல்லும். யு.பி.எஸ்.சி.யின் விருப்பப் பாடப் பட்டியலில் சட்டம், உளவியல், சமூகவியல் எல்லாம் இருக்கின்றன, குற்றவியல் இல்லை. ஒரு தனியார் கல்லூரியில் "இந்த கோர்ஸில் சேர்ந்தால் போலீஸ் வேலை உறுதி" என்று எங்களிடமே சொன்னார்கள். அப்படி ஓர் உறுதியை எந்தக் கல்லூரியும் தர முடியாது. பிள்ளைகளின் ஆசையை வைத்துச் சீட்டு நிரப்புவதைப் பார்க்கையில் மனசு வலிக்கிறது.

அப்படியானால் என்ன படித்தாலும் ஒன்றுதானா? வேலைக்குள் நுழைய வேண்டுமானால் ஒன்றுதான். நுழைந்த பிறகு அப்படி இல்லை. ஒரு வழக்கை வைத்துப் பார்க்கலாம். வெளியூர் கல்யாணத்துக்குப் போன குடும்பம் திரும்பி வருகிறது. பூட்டு உடைந்து கிடக்கிறது, பீரோ திறந்திருக்கிறது, பன்னிரண்டு பவுன் செயினைக் காணோம். மோப்ப நாய்க்குப் போக்குக் காட்ட வீடு முழுக்க மிளகாய்ப் பொடி.

குற்றவியல் படித்தவர் இங்கே கேட்கும் கேள்வி: ஏன் இந்தத் தெரு, ஏன் இந்த வீடு, இவர்கள் ஊரில் இல்லை என்பது யாருக்கெல்லாம் தெரியும்? குற்றம் எங்கே, எப்போது, எந்தச் சூழலில் நடக்கிறது என்பதுதான் இந்தத் துறையின் அடிப்படை. இந்தியாவில் இதற்கு முதலில் துறை தொடங்கியது மத்தியப் பிரதேசத்தின் சாகர் பல்கலைக்கழகம், 1959-ல். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1983-ல் தனித்துறையானது. குற்றத்துக்கு ஆளானவரைப் பற்றிய பாதிக்கப்பட்டோரியல் என்ற பிரிவை இந்தியாவில் வளர்த்தவர்களில் முக்கியமானவர் அங்கே பேராசிரியராக இருந்த கு. சொக்கலிங்கம். பிறகு நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். அதே நெல்லையில் பணியாற்றிய கே. ஜெய்சங்கர்தான் 2007-ல் சைபர் குற்றவியலுக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கியவர். நம் ஊரிலேயே இவ்வளவு ஆழம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

செயினைப் பறிகொடுத்த அம்மாவிடம் எப்படிப் பேச வேண்டும், அதே கேள்வியை நான்கு பேர் நான்கு தடவை கேட்டால் அவர் என்ன ஆவார் என்பதை யோசிக்க வைப்பது இந்தப் படிப்பு மட்டும்தான். சிறை, சிறார் நீதி, நன்னடத்தைக் கண்காணிப்பு, குழந்தைகள் பாதுகாப்பு என்று போக விரும்புகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு இல்லை. ஆனால் ஒரு வழக்குக் கோப்பை முதல் பக்கத்திலிருந்து கட்டத் தெரிய வேண்டுமென்றால், இது மட்டும் போதாது.

தடயவியல் படித்தவரின் கண் பீரோக் கைப்பிடியில் இருக்கும். கம்பி உரசிய கீறல், விரல்ரேகை, கதவிடுக்கில் சிக்கிய நூல். இதற்கு இப்போது நல்ல காலம். 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை தரக்கூடிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை நடைமுறைப்படுத்த ஐந்தாண்டு அவகாசம். ஆட்கள் தேவைப்படுவார்கள். குஜராத் காந்திநகரில் 2009-ல் தொடங்கி 2020-ல் தேசியப் பல்கலைக்கழகமாக மாறிய தேசியத் தடயவியல் அறிவியல் பல்கலைக்கழகம் இதற்கென்றே இருக்கிறது. நம் சென்னையிலோ 1849-லேயே ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் வந்துவிட்டது.

ஆனால் அக்கா மகளிடம் நான் அழுத்திச் சொன்னது வேறு. தடயவியலாளர் விசாரணை அதிகாரி இல்லை. அவர் யாரையும் கைது செய்வதில்லை, சந்தேக நபரை விசாரிப்பதும் இல்லை. அரக்கு முத்திரை வைத்த பொட்டலம் ஆய்வகத்துக்கு வரும். முத்திரை மாதிரியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, பிரித்து, சோதித்து, அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். பொறுமையான, அருமையான வேலை. ஆனால் அவள் கற்பனையில் இருக்கிற வேலை அது இல்லை. பிளஸ் டூவில் அறிவியல் பிரிவும் வேண்டும். இன்னொன்று: அரசு ஆய்வகப் பணிகளுக்கு வேதியியல், இயற்பியல், உயிரியல் என்று பிரித்து ஆள் எடுப்பார்கள். பழைய டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கையை எடுத்து, கல்வித் தகுதி என்று போட்டிருக்கும் பத்தியைப் படித்துவிட்டுத்தான் சேர வேண்டும்.

சரி, சட்டம். என் மனது சாய்வது இந்தப் பக்கம்தான்.

அந்தத் திருடன் பிடிபட்டுவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். "நான்தான் பூட்டை உடைச்சேன். செயினை மாட்டுக்கொட்டகைக் கூரையில செருகி வச்சிருக்கேன், வந்தா எடுத்துத் தர்றேன்" என்கிறான். இதில் முதல் வாக்கியம் நீதிமன்றத்தில் செல்லாது. போலீஸிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியமாகாது. இரண்டாவது வாக்கியம், செயின் அங்கே உண்மையிலேயே கிடைத்தால், செல்லும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23-ம் பிரிவு இது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25, 27. இதன் எல்லையை வகுத்தது 1946-ன் இறுதியில், அன்றைக்கு இந்திய வழக்குகளுக்கும் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், புலுக்குரி கோட்டய்யா வழக்கில். அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூர் பக்கத்து வழக்கு. ஈட்டியை வைக்கோல் போரில் ஒளித்த கதை. இன்றைக்கும் நீதிமன்றங்கள் அதைத்தான் எடுத்துக்காட்டுகின்றன.

எஸ்.ஐ. இதைத் தெரிந்துகொண்டு எழுதினால் வழக்கு நிற்கும். தெரியாமல் அவனை முதலிலேயே கொட்டகைக்குக் கூட்டிப்போய்ச் செயினை எடுத்துவிட்டு, அப்புறம் ஸ்டேஷனில் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதினால் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்வார். மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றியதைச் சாட்சிகள் முன் எழுதும் பதிவில், மாலை ஆறு மணி என்று இருக்கும். மகஜர் சாட்சி கூண்டில் ஏறி "காலையில கையெழுத்துப் போட்டேன்" என்பார். அவ்வளவுதான், செயின் கிடைத்தும் வழக்கு போய்விடும். பக்கத்து வீட்டு சிசிடிவி பதிவை வாங்கினால் மின்னணுப் பதிவுகளுக்கு அதே சாக்ஷிய அதினியம் கேட்கும் 63-ம் பிரிவுச் சான்று வேண்டும். சோதனையை வீடியோ எடுக்க வேண்டும். உள்ளே இருப்பவர் மீது வழக்கைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போகாவிட்டால் ஜாமீன் கேட்பது அவருடைய உரிமை. புலன் விசாரணையின் பெரும்பகுதி இந்த எழுத்து வேலைதான், சட்டம் படித்தவருக்கு அது பழகிய தரை.

குறையும் உண்டு. பிரிவு எண்களை மனப்பாடம் செய்து, ஒரு காவல் நிலையத்துக்குள் கால் வைக்காமலே பட்டம் வாங்கிவிட முடியும். சேரும் முன் பாடத்திட்டம் புதிய மூன்று சட்டங்களுக்கு (மேலே சொன்ன இரண்டும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும்) மாறியிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். ஐந்தாண்டுப் படிப்பு நீளம் என்று அக்கா கவலைப்பட்டாள். முடிக்கும்போது 22, 23 வயதிருக்கும், எஸ்.ஐ. தேர்வுக்குப் பொதுப் பிரிவினருக்கே 30 வரை வாய்ப்பு இருக்கிறது. தேர்வு கிடைக்காமல் போனாலும் கறுப்பு கோட்டு இருக்கும். அரசு வழக்கறிஞர் பக்கமும் நீதிபதி பக்கமும் கதவு இருக்கும். குற்றவியல் ஆசை விடாவிட்டால் எம்.ஏ.வாக அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

எதைப் படித்தாலும் உடம்பை இப்போதே தயார் செய்ய வேண்டும். உயரம், 400 மீட்டர் ஓட்டம், நீளம் தாண்டல் இதற்கெல்லாம் பட்டம் உதவாது. தேறியவர்களுக்கு ஊனமாஞ்சேரி அகாடமியில் பயிற்சி உண்டு. அங்கே போய்த்தான் ஓடக் கற்றுக்கொள்வேன் என்றால் நடக்காது.

போன வாரம் அவளை மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனேன். திறந்த நீதிமன்றம், யாரும் உட்கார்ந்து பார்க்கலாம். ஒரு திருட்டு வழக்கில் விசாரணை அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார்கள். மதியம் வரை அசையாமல் பார்த்தாள். பஸ் ஏறியதும் முதலில் கேட்டது, "மாமா, மகஜர் எழுதின நேரத்தை அவர் ஏன் ஞாபகம் வச்சிருக்கல?" சட்டப் பல்கலைக்கழக விண்ணப்பம் எப்போது வரும் என்பதை அவளே பார்த்து வைத்திருக்கிறாள்.