பழைய காரின் டிரம் பிரேக்: ஷூ மட்டுமா, முழுப் புதுப்பிப்பா, டிஸ்க்கா?

பிரேக் மிதித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கிறது, பெடல் தரை வரை இறங்குகிறது. இந்த நிலையில் முதன்முறையாக ஸ்பேனர் பிடிப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு: ஷூவை (சுழலும் டிரம்மின் உட்புறத்தில் அழுந்தி வண்டியை நிறுத்தும் வளைந்த பாகம்) மட்டும் மாற்றுவது, டிரம்மை வைத்துக்கொண்டு உள்ளிருப்பதை எல்லாம் புதுப்பிப்பது, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் (சுழலும் தட்டை இருபுறமும் பேட் கவ்வும் பிரேக்) கிட் போடுவது. புதியவருக்கு இரண்டாவதே சரி.

முதல் வழியில் செலவும் வேலையும் குறைவு. ஆனால் ஷூ மட்டும் கெட்டிருப்பது அபூர்வம். வீல் சிலிண்டரின் (ஆயில் அழுத்தத்தில் பிஸ்டனைத் தள்ளி ஷூவை விரிக்கும் உருளை) ரப்பர் மூடியை ஓரத்தில் நெம்பிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் கப் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர்) போய்விட்டது. காய்ந்திருந்தாலும் ஒரு சிக்கல் வரலாம். புதிய லைனிங் (ஷூவின் மேல் உரசும் பட்டை) தடிமனானது என்பதால், பிஸ்டன் இத்தனை காலம் நின்ற இடத்தை விட்டு உள்ளே தள்ளப்படும். அங்கே துரு அரித்த குழிகள் இருந்தால் பழைய கப் அவற்றில் உரசி, சில நாளில் கசியும். பிரேக் ஆயில் குடித்த லைனிங்கைக் கழுவிக் காப்பாற்ற முடியாது, சூடேறியதும் ஆயில் மேலே வந்துவிடும். அப்போது புதிய ஷூவும் வீண்தான்.

இரண்டாவது வழிக்கு, ஓர் அச்சுக்கு நான்கு ஷூ, இரண்டு வீல் சிலிண்டர் (சில கார்களின் முன்சக்கரத்தில் பக்கத்துக்கு இரண்டு), ஸ்பிரிங் செட், ரப்பர் ஹோஸ் வேண்டும். இவற்றோடு ஒரு லிட்டர் பிரேக் ஆயிலும் வாங்குங்கள். பழைய லைனிங் தூளில் கல்நார் இருக்கலாம். அதை ஊதவோ காற்றடிக்கவோ கூடாது. பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்தெடுங்கள்.

டிரம் கழலவில்லையா? சுத்தியலை எடுக்கும் முன் அட்ஜஸ்டரை (ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியை மாற்றும் திருகு) தளர்த்துங்கள், பின்சக்கரமானால் ஹேண்ட்பிரேக்கையும். பெரும்பாலும் டிரம்மின் தேய்ந்த விளிம்புதான் ஷூவில் மாட்டிக்கொண்டிருக்கும். கழற்றியதும் உள்விட்டத்தை அளந்து பாருங்கள். டிரம்மில் பொறித்த உச்ச அளவைத் தாண்டியிருந்தால் அதைக் கடையக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பிரியுங்கள், மறுபக்கம் மாதிரியாக நிற்கட்டும். ஒரு ஷூ மற்றதைத் தள்ளும் வகை பிரேக்கில், குட்டை லைனிங் உள்ள ஷூ காரின் முன்பக்கம் பார்த்து வரும். தானாகச் சரிசெய்யும் அட்ஜஸ்டர்களின் மரை இடம் வலமாக எதிரெதிர். இவை மாறிப்போனால் ஷூவை நெருக்குவதற்குப் பதில் விலக்கிக்கொண்டே போகும். எல்லாம் புதிதாக இருந்தும் பெடல் நாளுக்கு நாள் இறங்க இது ஒரு காரணம்.

குழாய் நட்டுக்கு, அதைச் சுற்றிப் பிடிக்கும் ஃபிளேர் நட் ஸ்பேனர்தான் வேண்டும், சாதா ஸ்பேனர் முனைகளை வழித்துவிடும். நட்டோடு சேர்ந்து குழாய் முறுக்கினால் நிறுத்திவிடுங்கள். அந்தக் குழாயையும் மாற்றியாக வேண்டும். ரப்பர் பாகங்களை மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கழுவாதீர்கள், உப்பிவிடும். பேக்கிங் பிளேட்டில் (ஷூவுக்குப் பின்னாலுள்ள சுழலாத தகடு) ஷூ உரசும் மேடுகளில் மட்டும் சூடு தாங்கும் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள்.

ஏர் எடுக்கும் (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும்) முன் ஷூவைச் சரிசெய்யுங்கள்: சக்கரம் நிற்கும் வரை நெருக்கி, லேசான உரசல் கேட்கும் அளவுக்குத் தளர்த்த வேண்டும். இதை விட்டுவிட்டால், எவ்வளவு ஏர் எடுத்தாலும் பெடல் ஆழத்திலேயே நிற்கும்.

டிஸ்க்கின் பலன்கள் உண்மையானவை. சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், டிஸ்க்கில் அந்தச் சிக்கல் இல்லை. நனைந்தாலும் சீக்கிரம் காயும். ஆனால் வேலை கிட்டோடு முடியாது. டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தித் தள்ளும் உருளை) பலவற்றில் சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைக் குழாயில் தக்கவைக்கும் வால்வு இருக்கும். அதை அப்படியே விட்டால் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே ஓடும். சுழலும் டிரம் ஷூவைத் தானே இழுத்துக்கொள்வதால் கிடைத்த உதவி டிஸ்க்கில் கிடையாது, பெடல் கனக்கும். அதற்குப் பூஸ்டர் (மிதிக்கும் விசையைக் கூட்டும் கருவி), பின்சக்கரம் முந்திப் பூட்டாமலிருக்க அழுத்தம் பிரிக்கும் வால்வு, காலிபர் (பேட்டைப் பிடித்திருக்கும் கவ்வி) இடிக்காத சக்கரம் என்று பட்டியல் நீளும். இத்தனையையும் ஒரே முறையில் மாற்றியபின் பெடல் சரியில்லை என்றால், குறை எதில் என்று புதியவர் கண்டுபிடிப்பது கடினம். மலைப்பாதை ஓட்டம், டிரெய்லர் இழுவை, கூடுதல் திறன் எஞ்சின் இருந்தால் டிஸ்க்குக்குப் போகலாம். அப்போதும் பொருத்தமான மாஸ்டர் சிலிண்டர் சேர்ந்த கிட்டாகவே வாங்குங்கள்.

பாதுகாப்புக்காகச் செலவழிப்பதானால், டிஸ்க்குக்கு முன் பார்க்க வேண்டியது இரட்டைச் சர்க்கியூட் மாஸ்டர் சிலிண்டர் (ஒன்று கெட்டாலும் மற்றது பிடிக்கும்படி ஆயில் வழி இரண்டாகப் பிரிந்தது). அமெரிக்காவில் 1968 முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயமானது. ஒற்றைச் சர்க்கியூட்டில் ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரமும் போய்விடும். அங்கே டிஸ்க்கும் உதவாது.

எந்த வழியானாலும், காரை நகர்த்தும் முன் பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள்ளேயே ஆயிலைக் கசியவிடுகிறது. உறுதியாக நின்றால் வெறிச்சாலையில் மெதுவாக ஓட்டி, பலமுறை மிதமாக மிதித்து லைனிங்கைப் படியவிடுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டரில் ஷூ படிந்து இடைவெளி கூடும், அட்ஜஸ்டரை மறுபடி நெருக்க வேண்டியிருக்கும்.