நெல்லையா, திருச்சியா, பெங்களூரா?

பள்ளி விடுமுறை நெருங்கினாலே எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். என் மகளுக்கு எட்டு வயது, அக்கா மகனுக்குப் பதின்மூன்று. பொத்தானை அழுத்தி, கைப்பிடியைச் சுழற்றி, தானே செய்து பார்க்கும் அறிவியல் கூடம் என்றால் இருவருக்கும் சோறு தண்ணீர் வேண்டாம். மதுரையிலிருந்து இவர்களைத் திருநெல்வேலி, திருச்சி, பெங்களூரு மூன்றுக்கும் அழைத்துப் போயிருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால், யோசிக்காமல் நெல்லைக்குப் போங்கள்.

திருச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புதுக்கோட்டை சாலையில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அண்ணா அறிவியல் மையம். 1999-ல் திறக்கப்பட்டது. அதன் உயிர்நாடி கோளரங்கம். விளக்கணைந்து, குவிமாடம் முழுக்க விண்மீன்கள் பூத்த நொடியில் என் மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மதுரை நகர வெளிச்சத்தில் வளரும் பிள்ளைக்கு அவ்வளவு விண்மீன்களை வேறெங்கே காட்டுவது? தமிழில் விளக்கம் சொல்லும் காட்சிக்கான நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். வானத்துக்காகவே போவதென்றால் திருச்சிதான். கையால் செய்து பார்க்கும் ஆசைக்கு எங்களுக்கு நெல்லையே பிடித்தது.

நெல்லையின் மாவட்ட அறிவியல் மையம் கொக்கிரகுளத்தில் இருக்கிறது, தாமிரபரணிக் கரையோரம். 1987-ல் தொடங்கப்பட்டது. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினாலும் சரி, ரயிலில் போனாலும் சரி, காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். இடம் அளவானது. அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கோ அதுவே பெரிய நிறை. அடுத்த அறைக்கு ஓடவேண்டிய அவசரம் இல்லாததால், ஒரு கருவியின் முன் பிள்ளை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்.

அறிவியல் பூங்காக்களில் பெரிய வாணலியை நிமிர்த்தி வைத்தது போல இரண்டு குழிந்த தட்டுகளை எதிரெதிரே நிறுத்தியிருப்பார்கள். ஒன்றின் குவியத்தில், அதாவது தட்டில் பட்ட ஒலி வந்து கூடும் புள்ளியில், வாய் வைத்துக் கிசுகிசுத்தால், தொலைவில் இருக்கும் மற்றொன்றின் குவியத்தில் காது வைத்திருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். நடுவில் நிற்பவருக்கு எதுவும் கேட்காது. நெல்லை மையத்தின் பூங்காவில் என் மகள் இதை ஒருமுறை செய்து பார்த்துவிட்டு நகரவில்லை. குவியத்திலிருந்து அரையடி தள்ளிப் பேசினாள், குனிந்து பேசினாள், முதுகைக் காட்டிப் பேசினாள். "இந்த இடத்துல மட்டும் ஏம்ப்பா கேக்குது?" என்று அவளாகவே கேட்டாள். தட்டில் பட்ட ஒலி சிதறாமல் நேர்க்கோட்டில் போய், எதிர்த் தட்டில் பட்டு ஒரு புள்ளியில் கூடுகிறது என்று மண்ணில் படம் வரைந்து காட்டினேன். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் நான் நெல்லைக்கு வாக்களிக்கிறேன். விளக்கப் பலகைகளில் தமிழ் இருப்பதால், பாதியை என் துணையில்லாமல் அவளே எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

ஒரு எச்சரிக்கை. சித்திரை வெயிலில் பூங்காவின் இரும்புக் கருவிகளில் கை வைக்க முடியாது. காலையில் பூங்கா, உச்சிவேளையில் கூடங்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பள்ளிச் சுற்றுலா வண்டிகள் வரிசையாக நிற்கும் நாளில் ஒரு கைப்பிடிகூட நம் பிள்ளைக்குக் கிடைக்காது.

பெங்களூருவில் கப்பன் பூங்காவை ஒட்டிய கஸ்தூர்பா சாலையில் இருக்கும் விசுவேசுவரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம் மூன்றிலும் பெரியது. 1962-ல் நேரு திறந்து வைத்தது. நெல்லை மையம் இதன் கிளைதான். மைசூர் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடியும்போது பெங்களூரு. எஞ்சின் கூடம், மின்சாரம், விண்வெளி, மின்னணுவியல் என்று மாடி மாடியாக விரிகிறது. பதின்மூன்று வயதுப் பையனுக்கு அது திருவிழா. எஞ்சின்களின் முன்னால் அவன் நின்ற நேரத்தில், இரவுப் பயணக் களைப்பிலிருந்த என் மகள் இரண்டாம் மாடியிலேயே என் தோளில் சாய்ந்துவிட்டாள். பலகைகளில் கன்னடமும் ஆங்கிலமும்தான். அவளுக்காக ஒவ்வொன்றையும் நான் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த குடும்பம் பின்னால் வந்து நின்றது. இரவு ரயில் செலவும் தங்கும் செலவும் வேறு. ஏழாம் வகுப்புக்கு மேல், கூட்டமில்லாத வேலைநாள், முழுதாக ஒரு பகல்: இந்த மூன்றும் கூடிவந்தால் பெங்களூரு அத்தனை செலவுக்கும் தகும். எட்டு வயதில் வேண்டாம்.

பையனை அங்கே கட்டிப்போட்டது ரைட் சகோதரர்களின் விமானம். அசல் அளவிலேயே செய்து வைத்திருக்கிறார்கள். 1903 டிசம்பர் 17 அன்று அது முதன்முதலில் பறந்தது 12 விநாடி, 120 அடி. அந்த 120 அடி அவன் மனத்தைவிட்டுப் போகவில்லை. ஊர் திரும்ப ரயில் நிலையம் வந்ததும் நடைமேடையில் அடியளந்து நடக்க ஆரம்பித்தான். எங்கள் பெட்டியின் ஒரு முனையில் தொடங்கி, அடுத்த பெட்டியின் பாதியில் போய் நின்று, அங்கிருந்தே கத்தினான்: "மாமா, ஒன்றரைப் பெட்டி தூரம்தான் பறந்திருக்காங்க!"