ரீஃப் தொட்டியில் அல்கலினிட்டியும் கால்சியமும்: சுண்ணாம்பு நீரிலிருந்து டூ-பார்ட் வரை

சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஹாலில், கீழே இருக்கும் சம்ப் என்ற வடிகட்டித் தொட்டியோடு சேர்த்து சுமார் 200 லிட்டர் ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி ஒன்று சில வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில் ஜோவாந்தஸ், லெதர் போன்ற மென்பவளங்கள்தான் இருந்தன. அவற்றுக்கு எதையும் தனியாக ஊற்ற வேண்டியதில்லை. வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினாலே போதும். மென்பவளம் மட்டும் வைத்திருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஹேமர், மான்டிபோரா, அப்புறம் அக்ரோபோரா என்று கல்பவளங்கள் சேர்ந்த பிறகுதான் அல்கலினிட்டியை, அதாவது நீரில் கரைந்திருக்கும் கார்பனேட், பைகார்பனேட்டின் அளவை, தினமும் பார்க்கும் நிலை வந்தது.

கால்சியத்தை ஏன் தினமும் பார்ப்பதில்லை என்று கேட்பார்கள். கடல்நீரில் கால்சியம் சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), அல்கலினிட்டி சுமார் 7 டிகேஹெச் (அல்கலினிட்டியை அளக்கும் அலகு). பவளம் தன் எலும்புக்கூட்டைக் கால்சியம் கார்பனேட்டால் கட்டுவதால் இரண்டும் ஒரே விகிதத்தில்தான் செலவாகின்றன: அல்கலினிட்டி 2.8 குறையும்போது கால்சியம் 20 பிபிஎம் குறையும். கால்சியம் 420-லிருந்து 400-க்கு வந்தால் எந்தப் பவளமும் கண்டுகொள்ளாது. அதே நேரத்தில் அல்கலினிட்டி 8-லிருந்து 5.2-க்குப் போயிருக்கும், அது ஆபத்து. அதனால் அல்கலினிட்டி தினமும், கால்சியம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மெக்னீசியம் மாதம் ஒருமுறை என்று வைத்திருக்கிறேன். அல்கலினிட்டி 8 முதல் 8.5, கால்சியம் 420, மெக்னீசியம் 1300. இவைதான் என் தொட்டியின் எண்கள். அல்கலினிட்டி 9-இல் நன்றாக ஓடும் தொட்டிகளும் உண்டு. எந்த எண் என்பதைவிட அது ஆடாமல் நிற்பதுதான் முக்கியம் என்பது என் கட்சி. ஒன்று மட்டும்: நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தொட்டியில் அல்கலினிட்டியை 10, 11 என்று ஏற்றினால் அக்ரோபோராவின் நுனிகள் வெந்ததுபோல் வெளுத்துவிடும்.

முதலில் பயன்படுத்தியது சுண்ணாம்பு நீர். ஆர்ஓ தண்ணீரில் கால்சியம் ஹைட்ராக்சைடைக் கலக்கி, தெளிய வைத்து, மேலே நிற்கும் நீரை மட்டும் டாப்-அப்பாக, அதாவது ஆவியான தண்ணீருக்கு ஈடாக, விடுவது. ஒரு லிட்டரில் ஒன்றரை கிராம் சொச்சம்தான் கரையும். கால்சியமும் அல்கலினிட்டியும் சரியான விகிதத்தில் ஒன்றாகவே சேரும், பிஹெச்சும் ஏறும், செலவும் சொற்பம். கரைசலின் பிஹெச் 12-க்கு மேல் என்பதால் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். வெற்றிலைக்கு வாங்கும் சுண்ணாம்பு போதாதா என்று அம்மா கேட்டார். அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. உணவுத் தரத் தூள்தான் சரி.

அப்போது தொட்டியைக் குளிர்விக்க மின்விசிறிகள் வைத்திருந்தேன். தண்ணீர் நிறைய ஆவியாகும், அந்த அளவுக்குச் சுண்ணாம்பு நீரும் உள்ளே போகும். சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) மாட்டியதும் ஆவியாவது பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. பவளங்களோ வளர்ந்துகொண்டே போயின. சுண்ணாம்பு நீரின் எல்லை இதுதான்: ஆவியாகும் அளவுக்கு மேல் ஒரு சொட்டுகூடக் கூடுதலாக விட முடியாது. வெயில் நாட்டில் விசிறியோடு ஓடும் சிறிய தொட்டிக்கு இன்றும் அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

இப்போது ஓடுவது டூ-பார்ட். ஒரு பாட்டிலில் கால்சியம் குளோரைடு, இன்னொன்றில் சோடியம் கார்பனேட். கடையில் தயாராகவே கிடைக்கும், ஆனால் வீட்டிலேயே கரைப்பது எவ்வளவோ மலிவு. சமையல் சோடாவை ஓவன் அடுப்பில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் சோடியம் கார்பனேட் ஆகிவிடும். பேக்கிங் பவுடரை எடுத்துவிடாதீர்கள், அதில் அமிலமும் மாவும் இருக்கும். 200 லிட்டரில் அல்கலினிட்டியை 1 டிகேஹெச் ஏற்ற, சுடாத சமையல் சோடாவென்றால் 6 கிராம், சுட்டதென்றால் 4 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு ஈடான கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் சுமார் 5 கிராம். இந்த ஊர் ஈரக்காற்றில் கால்சியம் குளோரைடு டப்பாவைச் சரியாக மூடாவிட்டால் தூள் தானே தண்ணீராகிவிடும். கரைக்கும்போது பாட்டில் சுடும், அது இயல்புதான்.

இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் விட்டால் பால்போல் கலங்கி வீணாகும். டோசிங் பம்ப் (அளந்து ஊற்றும் தானியங்கி பம்ப்) இரண்டையும் இடைவெளி விட்டு, 24 மணி நேரத்துக்கும் சிறு சிறு அளவாகப் பிரித்துக் கொடுக்கிறது. கார்பனேட் குழாயின் நுனியில் உப்பு பூத்து அடைத்துக்கொள்ளும், வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். பம்பின் ரப்பர் குழாய் நாளாக ஆகத் தளர்ந்து குறைவாகத் தள்ளும், அதையும் அவ்வப்போது அளந்து பார்க்க வேண்டும். முன்பு வைத்திருந்த ஒரு பம்ப், செயலி அப்டேட் ஆனதும் அட்டவணை முழுவதையும் அழித்துவிட்டது. பெயர் வேண்டாம். வைஃபை இல்லாமலும் அட்டவணையை நினைவில் வைத்திருக்கும் பம்பாகப் பார்த்து வாங்குங்கள்.

டூ-பார்ட்டின் பக்கவிளைவு, மிச்சமாகத் தொட்டியில் தங்கும் சாதா உப்பு. உப்பின் அடர்த்தி மெதுவாக ஏறும். உப்பின் அடர்த்தியை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரும் தண்ணீர் மாற்றமும் இல்லாமல் நடக்காது. தண்ணீர் மாற்றத்துக்குக் கரைக்கும் உப்பையும் கவனியுங்கள். சில உப்புகளைக் கரைத்தால் அல்கலினிட்டி 7 வரும், சிலவற்றில் 12. 8-இல் ஓடும் தொட்டிக்குப் பின்னதை வாங்கினால் ஒவ்வொரு தண்ணீர் மாற்றமும் ஓர் ஆட்டம்தான்.

அல்கலினிட்டியை அளப்பதற்கு ஹன்னா செக்கர் என்ற கையடக்க மின்னணுக் கருவி, கால்சியத்துக்கு சாலிஃபெர்ட் சோதனை கிட். செக்கர் 8.0 என்று காட்டினால் உண்மை 7.3 முதல் 8.7 வரை எங்கும் இருக்கலாம். அதன் பிழை அளவு 0.3, அதோடு காட்டும் எண்ணில் 5 சதவீதம். அதனால் ஒரு நாள் எண்ணை வைத்து டோஸைத் தொடுவதில்லை. தினமும் அதே நேரத்தில் அளந்து, மூன்று நாள் ஒரே பக்கம் நகர்ந்தால்தான் மாற்றுகிறேன்.

குறித்து வைப்பதில் எதிர்பாராத ஒரு பயன் உண்டு. டோஸை மாற்றாமலேயே அல்கலினிட்டி ஏறினால் பவளங்கள் கட்டுவதைக் குறைத்துவிட்டன என்று பொருள். சாப்பாட்டைத் தட்டில் மிச்சம் வைக்கும் குழந்தையைப் பார்த்தால் காய்ச்சல் வரப்போகிறது என்று அம்மாக்கள் சொல்வார்களே, அப்படித்தான். நிறம் மங்குவதற்குச் சில நாள் முன்பே எண் சொல்லிவிடும். ஒருமுறை அப்படி ஏறியபோது தேடிப் பார்த்தால் தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் பாதி வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. உடனே டோஸைக் குறைத்துவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கல்பவளங்கள் அங்கே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்தது என்று யாராவது விற்க வந்தால் தொடவே தொடாதீர்கள்.

கால்சியம் ரியாக்டருக்கு மாறச் சொல்லி நண்பர்கள் நச்சரிக்கிறார்கள். அது கார்பன் டை ஆக்சைடை விட்டுப் பவளக்கல்லைக் கரைப்பது. அந்த வாயு கூடினால் பிஹெச் இறங்கும். ஏசி போட்டு ஜன்னலை மூடினாலே என் தொட்டியின் பிஹெச் 7.8-க்கு இறங்குகிறது, தீபாவளிக்கு வீடு நிறைய ஆள் வந்தால் இன்னும் கீழே. அந்த ஹாலில் சிலிண்டர் வேறு எதற்கு? டூ-பார்ட்டே ஓடட்டும். இரவில் மட்டும் கொஞ்சம் சுண்ணாம்பு நீரையும் மறுபடி சேர்த்திருக்கிறேன். விடிகாலை பிஹெச் 8-க்குக் கீழே போவது குறைந்திருக்கிறது.