மேரி கோமின் உச்சம் எது: 2006, 2010, 2012, 2018?

வேலூர் சத்துவாச்சாரிப் பக்கம் பளு தூக்குகிற கூட்டத்தில் எந்த விளையாட்டைப் பற்றிப் பேச்சு எடுத்தாலும் அது கடைசியில் எடையில்தான் போய் நிற்கும். போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். பயிற்சி முடித்து, கையில் ஒட்டிய சாக்பீஸ் மாவைக்கூடச் சரியாகக் கழுவாமல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோது யாரோ குத்துச்சண்டை மேரி கோம் பேச்சை எடுத்தார்கள். ஆறு உலகத் தங்கம். முதலாவது 2002இல், ஆறாவது 2018இல். நடுவில் பதினாறு வருடம் ஓடியிருக்கிறது. இத்தனை வருடம் ஒருத்தர் மேலேயே இருந்தால் அவருடைய உச்சம் என்று எதைச் சொல்வது? மூன்று டீ உள்ளே போன பிறகும் முடிவு வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அங்கே என்னை யாரும் முழுசாகப் பேசவிடவில்லை என்பதும் ஒரு காரணம்.

எங்கள் ஆட்டத்தில் இந்தச் சண்டையே வராது. எங்கள் ஊர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஸ்னாட்சில் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல்) 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018 கோல்ட் கோஸ்டில் 144, 173, மொத்தம் 317. அதற்கும் தங்கம். இரண்டும் 77 கிலோ பிரிவுதான். பதக்கத்தைப் பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும், கம்பியில் மாட்டிய பிளேட்டை எண்ணினால் 11 கிலோ வித்தியாசம் தெரிந்துவிடும். அதே கோல்ட் கோஸ்டில் மேரி கோமும் 48 கிலோவில் தங்கம் வாங்கினார். ஆனால் அவருக்கு எண்ணிப் பார்க்க பிளேட் இல்லை. எதிரில் நின்றது யார், எந்த எடையில், எந்த விதியில் என்று ஒவ்வொன்றாகக் கிளறித்தான் பார்க்க வேண்டும். பதக்கக் கணக்கை மட்டும் வைத்து உச்சம் சொல்பவர்களோடு எனக்கு ஒத்துவராதது இதனால்தான்.

முதலில் ஆரம்ப காலம். 2002 அந்தால்யாவில் 45 கிலோ, 2005 போடோல்ஸ்கிலும் 2006 டெல்லியிலும் 46 கிலோ. மூன்றும் தங்கம். இளம் வயசு, இடது கைக்காரி, காலில் ஸ்பிரிங் வைத்த மாதிரி உள்ளே பாய்ந்து அடித்துவிட்டு வெளியே போய்விடுவார். வேகத்தை மட்டும் கேட்டால் இந்தக் காலம்தான் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் பெண்களுக்கான உலகக் குத்துச்சண்டைப் போட்டியே 2001இல் ஸ்க்ராண்டனில்தான் தொடங்கியது (அதில் அவருக்கு வெள்ளி). விளையாட்டே அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. இதை உச்சம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான், அடுத்ததுக்குப் போவோம்.

எங்கள் செட்டில் ஓர் அக்கா இருக்கிறார். பிரசவத்துக்குப் பிறகு திரும்பி வந்து பார் பிடித்தவர், இப்போது சின்னப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அவருக்கு 2008தான். "2007ல ரெட்டப் புள்ளைங்க. அடுத்த வருஷம் சைனாவுல போயி தங்கம். வயித்த இறுக்கிப் புடிச்சி வெயிட் தூக்கிப் பாரு, அப்பத் தெரியும்" என்றார். இதற்கு எங்களில் எந்த ஆம்பளையாலும் பதில் சொல்ல முடியவில்லை, டீ கிளாஸைப் பார்த்தபடி இருந்தோம். அக்கா சொல்வது வலுவான வாதம். ஆனால் அது எவ்வளவு கடினமானதைச் செய்தார் என்பதற்கான பதில். எப்போது மிக நன்றாகச் சண்டை போட்டார் என்பது வேறு கேள்வி. இதை அவரிடமே சொன்னேன். சிரித்தாரே தவிர ஒத்துக்கொள்ளவில்லை.

2008இல் சீனாவின் நிங்போவில் 46 கிலோ இறுதியில் அவர் வென்றது ருமேனியாவின் ஸ்டெலுட்டா டூட்டாவை. 2006 இறுதியிலும் அதே டூட்டா. 2010 பிரிட்ஜ்டவுனில் 48 கிலோவுக்கு ஏறியபோதும் இறுதியில் அதே டூட்டா. பாவம் அந்தப் பொண்ணு, மேரி கோம் என்று ஒருத்தர் பிறக்காமலிருந்தால் அவர் வீட்டு அலமாரி வேறு மாதிரி இருந்திருக்கும். ஒரே ஆளை மூன்று முறை, இரண்டு எடையில் வென்றது பெரிய விஷயம் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. இன்னொரு பக்கம், அந்த எடையில் எதிராளி அவ்வளவுதானா என்றும் தோன்றுகிறது.

2010இலேயே இதற்கு ஒரு சோதனை நடந்துவிட்டது. செப்டம்பரில் பிரிட்ஜ்டவுனில் 48 கிலோவில் உலகத் தங்கம். இரண்டே மாதம் கழித்து நவம்பரில் குவாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டி. அங்கே 48 கிலோவே கிடையாது, பெண்களுக்கு 51, 60, 75 மட்டும். 51இல் இறங்கினார், அரையிறுதியில் சீனாவின் ரென் சான்சானிடம் தோற்று வெண்கலத்தோடு வந்தார். அதே உடம்பு, அதே கை, அதே வருடம். மாறியது மூன்று கிலோ மட்டும்.

மூன்று கிலோதானே என்று கேட்பவர்களுக்காக என் சொந்தக் கதை. ஒரு காலத்தில் நான் 62 கிலோ பிரிவில் தூக்கிக்கொண்டிருந்தேன். தேர்வுக்கு முந்தின நாள் 900 கிராம் கூடுதலாக இருந்தது. கத்திரி வெயிலில் ஸ்வெட்டர், அதற்கு மேல் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு கோட்டை அகழி ஓரமாக ஓடினேன், தண்ணீர் குடிக்கவில்லை, ராத்திரி முழுக்க டம்ளரில் எச்சில் துப்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கஷ்டம்தான், ஆனாலும் இறக்கிவிடலாம். ஏறுவதுதான் உண்மையான கஷ்டம். அடுத்த வருடம் என்னைவிட நன்றாகத் தூக்குகிற ஒரு பையன் 62இல் வந்துவிட்டதால் என்னை 69க்குத் தள்ளினார்கள். வேர்க்கடலை, முட்டை, பழைய சோறு என்று ஆறு மாதம் அரைத்தேன். எடை பார்க்கிற அன்று இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு ஏறியும் முள் 64 கிலோ 300இல் நின்றது. பக்கத்தில் நின்றவன் 72இலிருந்து இறங்கி 68.9இல் நின்றான். கழுத்தே என் தொடை மாதிரி இருந்தது. அன்றைக்கு நான் என்ன இடம் வந்தேன் என்று கேட்காதீர்கள்.

பாரமாவது திருப்பி அடிக்காது. மேரி கோமுக்கு 46இலிருந்து 51 வரை ஐந்து கிலோ, அதாவது உடம்பில் கிட்டத்தட்ட பதினொரு சதவீதம். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலத்திலேயே நிற்கிறது, கையும் நீளவில்லை. ஆனால் எதிரே வருகிறவர்கள் மேலேயிருந்து இறங்கி வருகிறவர்கள். நிங்போ 2008ஐ மறுபடி எடுத்துப் பாருங்கள். மேரி கோம் 46இல் தங்கம் வாங்கிய அதே போட்டியில் 54 கிலோ இறுதியில் போலந்தின் கரோலினா மிகால்சுக்கும் இங்கிலாந்தின் நிகோலா ஆடம்ஸும் மோதினார்கள், மிகால்சுக் ஜெயித்தார். நடுவில் எட்டு கிலோ தூரம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை முதல்முறையாக வந்தபோது மூன்றே எடைதான் வைத்தார்கள், சின்ன எடை 51. அந்த இருவரும் மேலிருந்து இறங்கி, இவர் கீழிருந்து ஏறி, மூன்று பேரும் ஒரே பிரிவில் நின்றார்கள்.

என் ஓட்டு இந்த 2012க்குத்தான். அதிலும் குறிப்பாக மார்ச் மாதத்துக்கு, லண்டனுக்கு இல்லை. அந்த மாதம் மங்கோலியாவின் உலான்பாத்தரில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் 51 கிலோ இறுதியில் அவர் வென்றது யாரை தெரியுமா? குவாங்சோவில் தன்னைத் தோற்கடித்த அதே ரென் சான்சானை. அப்போது ரென்தான் 51இல் உலகச் சாம்பியன். பதினாறு மாதத்தில், தனக்குச் சொந்தமில்லாத எடையில், அந்த எடையின் ராணியை வென்றிருக்கிறார். இந்தத் தங்கத்தைப் பற்றி நம் ஊரில் பேசுகிற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. உலகப் போட்டியும் இல்லை, ஒலிம்பிக்கும் இல்லை, அதனால் பட்டியலில் அடியில் கிடக்கிறது.

சரி, இதில் ஓட்டை இல்லாமலில்லை. மே மாதம் சின்குவாங்தாவ் உலகப் போட்டிக் காலிறுதியில் ஆடம்ஸிடம் 11-13 என்று தோற்றார், ஒலிம்பிக் இடமே ஆடம்ஸ் அடுத்த சுற்றில் ஜெயித்த பிறகுதான் உறுதியானது. லண்டனில் முதல் சண்டையில் மிகால்சுக்கை 19-14, அடுத்து துனிசியாவின் மரூவா ரஹாலியை 15-6. அரையிறுதியில் மறுபடி ஆடம்ஸ், இந்த முறை 6-11. மூன்று மாதத்தில் இடைவெளி குறையவில்லை, கூடியிருக்கிறது. ஆடம்ஸ் கையை நீட்டித் தள்ளி நிறுத்திவிட்டார், இவரால் உள்ளே நுழைய முடியவில்லை. ஆனால் அதே ஆடம்ஸ் இறுதியில் ரென் சான்சானையும் 16-7 என்று கிழித்துத் தொங்கவிட்டார். அதனால் அந்த வெண்கலத்தை வைத்து மேரி கோம் இறங்கிவிட்டார் என்று சொன்னால் நான் ஏற்க மாட்டேன். தவிர, உச்சம் என்பது பளு தூக்குபவனுக்குத் தெரியும், வருடக் கணக்கில் நிற்காது. ஒரு போட்டிக்கு உடம்பை ஏற்றிக்கொண்டு வந்தால் சில வாரம் இருக்கும், அப்புறம் சறுக்கும்.

இப்போது 2018. எங்கள் செட்டில் லோடு வண்டி ஓட்டுகிற நண்பன் இதற்காகச் சண்டைக்கே வந்துவிட்டான். "முப்பத்தஞ்சி வயசு, மூணு புள்ள பெத்தப்பறம் அஞ்சுக்கு சைபர். நீ இன்னா மங்கோலியா கிங்கோலியான்னு பேசினுகீற?" டெல்லியில் 48 கிலோ இறுதி, உக்ரைனின் ஹன்னா ஓகோட்டாவுக்கு எதிராக ஐந்து நடுவர்களும் இவர் பக்கம். நானும் அந்தச் சண்டையைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பாய்ச்சல் குறைந்திருக்கிறது, ஆனால் வீண் அடி கிடையாது. எதிராளி அடிக்கக் கை எடுக்கும் முன்பே இவர் அங்கே இல்லை. அறிவில் உச்சம் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு 2018 என்பேன்.

விதியும் மாறியிருந்தது, இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2012இல் இரண்டு நிமிடச் சுற்றுகள் நான்கு. குத்து விழுந்ததாகத் தோன்றினால் நடுவர்கள் பொத்தானை அமுக்க வேண்டும், ஐந்து பேரில் மூன்று பேருடைய எண்ணிக்கையின் சராசரிதான் புள்ளி. அதனால் தனியாக, பளிச்சென்று விழுகிற குத்துக்குத்தான் மதிப்பு. உள்ளே நுழைந்து மூன்று நான்கு அடியைச் சடசடவென்று இறக்குகிற மேரி கோம் மாதிரி ஆளுக்கு அந்தப் பொத்தான் முறை லாபமில்லை என்பது என் எண்ணம். 2013இல் அது போய், ஒவ்வொரு சுற்றிலும் ஜெயித்தவருக்குப் பத்து, மற்றவருக்கு அதைவிடக் குறைவு என்கிற பத்துப் புள்ளி முறை வந்தது, அப்புறம் பெண்களுக்கும் மூன்று நிமிடச் சுற்றுகள் மூன்று என்று ஆனது. 2018இல் இந்த விதியில்தான் ஜெயித்தார். ஆனால் 48 கிலோவில் ஜெயித்தார், நான் திரும்பத் திரும்ப நிற்பது அந்த இடத்தில்தான். அடுத்த வருடம் உலன்-உடேயில் 51க்கு ஏறியதும் அரையிறுதியில் துருக்கியின் புசே நாஸ் சகிரோக்லுவிடம் தோற்று வெண்கலம்.

2014 இஞ்சியோன் ஆசியத் தங்கமும் 51தான், அதையும் ஒருவன் நடுவில் நுழைத்தான். நல்ல தங்கம், மறுக்கவில்லை. ஆனால் 2012 மார்ச்சில் எதிரில் நின்ற ஆளின் தரத்தைத் தாண்டி அது என்னை இழுக்கவில்லை.

கிளம்பும் நேரத்தில் வண்டிக்காரன் கடைசியாக ஒன்று கேட்டான். "சரி, 2012 மேரியையும் 2018 மேரியையும் ஒரே ரிங்ல வுட்டா யாரு ஜெயிப்பா?" நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "எந்த வெயிட்ல?" என்றார். 51இல் நான்கு இரண்டு நிமிடச் சுற்று என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை, 2012தான். 48இல் மூன்று மூன்று நிமிடச் சுற்று என்றால், முதல் சுற்றை 2012 எடுக்கும், மூன்றாவதை 2018 எடுக்கும். நடுச் சுற்றுக்கு இன்னும் விடை தெரியவில்லை. வண்டிக்காரனிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள்.