பச்சைக்கிளி கேட்டால் "இல்லை" என்று சொல்லும் கடை

தாம்பரம் பக்கம் இருக்கும் ஒரு பறவைக் கடையைப் பற்றி எழுதுகிறேன். பாராட்டும் உண்டு, திட்டும் உண்டு, அதனால் பெயரைப் போடவில்லை.

அம்மாவுக்குப் பச்சைக்கிளி வேண்டும். திண்ணையில் கிளிக்கூண்டு தொங்கிய காலத்து ஆள் அவர். கேட்டதுமே கடைக்காரர், "அது விக்கிறதில்லம்மா, வளர்க்கவும் கூடாது, வனத்துறை வந்தா எனக்கும் கேஸ், உங்களுக்கும் கேஸ்" என்று சொல்லிவிட்டார். அம்மா விடுவாரா? "மீனாட்சி கையிலயே கிளி இருக்கே, அவ மேல யாரு கேஸ் போட்டா?" கடையே சிரித்தது, ஆனால் கிளி மட்டும் வரவில்லை.

அவர் சொன்னது சரிதான். நம் நாட்டுக் கிளிகள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன, 2022 திருத்தத்துக்குப் பிறகு பச்சைக்கிளி அந்தச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது, மாட்டினால் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். குஞ்சிலிருந்து வளர்க்கிறோம், வீட்டுப் பிள்ளை மாதிரி என்பதெல்லாம் எடுபடாது. மைனா, சாயம் பூசி விற்கும் சில்லைக் குருவி எல்லாம் இதே கதைதான். அதிர்ஷ்டம் என்று வாங்கி வைக்கிறார்களே நட்சத்திர ஆமை, அது முதல் அட்டவணை, தண்டனை இன்னும் கடுமை.

சரி, வெளிநாட்டுப் பறவை என்றால் தொல்லை இல்லை என்று நினைத்து சன் கான்யூர் என்ற மஞ்சள் கிளியைக் காட்டினேன். அங்கேயும் ஒரு முடிச்சு. சைட்டிஸ் என்ற, வன உயிரின வியாபாரத்துக்கான சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் இருக்கும் உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பரிவேஷ் என்ற மத்திய அரசு இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதி வந்துவிட்டது, புதிதாக வாங்கினால் 30 நாளுக்குள் பதிய வேண்டும். கான்யூர் அந்தப் பட்டியலில் இருக்கிறது, ஆப்பிரிக்கன் கிரே என்ற சாம்பல் கிளி இன்னும் கண்டிப்பான முதல் இணைப்பில். கொண்டை வைத்த சின்னக் கிளியான காக்டெயிலும், நாம் லவ் பேர்ட்ஸ் என்று கூப்பிடும் பட்ஜியும் பட்டியலில் இல்லை. இதையெல்லாம் வியாபாரம் கெடும் என்று பார்க்காமல் கடைக்காரரே விளக்கினார், "பேப்பர் இல்லாம கம்மி விலைக்குத் தர்ற ஆளுங்க இருக்காங்க சார், அங்க வாங்கிட்டு பதிவுக்கு எங்கிட்ட வராதீங்க" என்று ஒரு குத்தும் சேர்த்து.

காக்டெயில் ஜோடி வாங்கினோம், 4,000 ரூபாய். பறவை அருமை, இறகில் குறையில்லை, தீனியும் நன்றாக எடுக்கிறது. தினையும் பறவை கொத்திக் கொறிக்கும் கடல் நுரை ஓடு ஒரு துண்டும் சும்மா கொடுத்தார். கூண்டு மட்டும் அங்கே வாங்காதீர்கள், அவர் தலையில் கட்டப் பார்த்த உருண்டைக் கூண்டில் ஆண் பறவை சிறகை விரித்தால் கம்பியில் இடிக்கும், நீளவாக்கில் பெரிய கூண்டு வெளியே அதே விலைக்குக் கிடைக்கிறது.

இப்போது திட்டு. வாசல் கண்ணாடிப் பெட்டியில் நாய்க்குட்டிகள், மத்தியான வெயில் நேராக அதன்மேல். ஒன்று ரொம்பச் சின்னதாக இருக்க, வயது கேட்டேன், "நாப்பது நாள் சார்" என்றார் கூசாமல். செல்லப்பிராணிக் கடை விதிகள் 2018இலேயே வந்துவிட்டன, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. அதைச் சொன்னதும், "எல்லாரும் அப்படித்தான் விக்கிறாங்க" என்று பேச்சை மாற்றிவிட்டார். கிளிக்கு அட்டவணை எண் வரை தெரிந்த மனுஷருக்கு இது மட்டும் தெரியாதா என்ன? கிளி வைத்திருந்தால் சோதனைக்கு ஆள் வரும், குட்டிக்கு வயது என்ன என்று கேட்க யாரும் வருவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று எனக்குப் படுகிறது. தாயிடம் பால் குடிக்க வேண்டிய குட்டியைப் பிரித்து விற்பதும், பிறகு அது சீக்கு வந்து படுத்தால் வாங்கியவர் மருத்துவமனைக்கு அலைவதும் அவருக்குத் தெரியாமல் இருக்காது.

பறவைக்கு ஐந்துக்கு நான்கு, நாய்க்குட்டிக்கு ஐந்துக்கு ஒன்று, அதுவும் போனால் போகிறது என்று. போகிறவர்கள் வார நாளில் போங்கள், பறவையின் காலில் இருக்கும் வளையத்தின் எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லி வாங்குங்கள், கேட்டால்தான் எழுதுகிறார். ஞாயிறு கூட்டத்தில் அதற்கெல்லாம் அவருக்கு நேரமே இருக்காது.