இருவர் நெடும்பயணத்துக்கு எந்த பைக்? மீட்டியார் 350, டோமினார் 400, ஹிமாலயன் 450, சூப்பர் மீட்டியார் 650

டூரிங் பைக் தேடுபவர்கள் முதலில் கேட்பது டாப் ஸ்பீடு. நம் நான்குவழிச் சாலைகளில் இருசக்கர வாகனத்துக்குச் சட்டப்படி உச்ச வேகமே மணிக்கு 80 கி.மீ.தான். பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் பிரதான பாதையிலோ 2023 ஆகஸ்ட் முதல் பைக்குக்கு இடமே கிடையாது, சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். ஆகவே 140 போகுமா, 160 போகுமா என்ற கணக்கு வீண். பின்சீட்டில் ஒருவரும் இரண்டு பக்கமும் பையும் இருக்கும்போது, லாரிக்குப் பின்னால் 50-இல் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டி எத்தனை நொடியில் 80-ஐத் தொட்டு அதைக் கடக்கிறது? நாலாவது மணி நேரத்தில் பின்னால் இருப்பவரின் இடுப்பு எப்படி இருக்கிறது? இந்த இரண்டை வைத்துத்தான் இந்த நான்கு வண்டிகளையும் (டோமினார் பஜாஜினது, மற்ற மூன்றும் ராயல் என்ஃபீல்டு) எடை போட வேண்டும்.

முதலில் பாரம். ஓட்டுபவர் 70 கிலோ, பின்னால் 60 கிலோ. ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ எல்லாம் சேர்த்து இருவருக்கும் 12. சேடில் பேக் இரண்டிலும் சேர்த்து 20. டேங்க் பேக், தண்ணீர், டூல், பூட்டு, சார்ஜர் என்று இன்னொரு 13. ஆக 175 கிலோ. கூடுதலாகச் சொன்னது போலத் தோன்றும். எடை மெஷினில் ஏறி நின்று பார்த்தால்தான் உண்மை தெரியும். ஒவ்வொரு வண்டியின் ஓனர்ஸ் மேனுவலிலும் மொத்த எடை வரம்பு இருக்கும். அதிலிருந்து கெர்ப் எடையை (பெட்ரோலோடு காலி வண்டியின் எடை) கழித்தால் எவ்வளவு ஏற்றலாம் என்று வந்துவிடும். முன்பணம் கட்டும் முன் பார்க்க வேண்டிய எண் அதுதான். ஷோரூமில் அதைக் கேட்பவர்கள் அபூர்வம்.

| | மீட்டியார் 350 | டோமினார் 400 | ஹிமாலயன் 450 | சூப்பர் மீட்டியார் 650 |
|---|---|---|---|---|
| இன்ஜின் | 349 சிசி, 1 சிலிண்டர் | 373 சிசி, 1 சிலிண்டர் | 452 சிசி, 1 சிலிண்டர் | 648 சிசி, 2 சிலிண்டர் |
| சக்தி (குதிரைத்திறன்) | 20.4 பிஎஸ் | 40 பிஎஸ் | 40 பிஎஸ் | 47 பிஎஸ் |
| டார்க் (இழுவிசை) @ ஆர்பிஎம் | 27 என்எம் @ 4,000 | 35 என்எம் @ 6,500 | 40 என்எம் @ 5,500 | 52.3 என்எம் @ 5,650 |
| கெர்ப் எடை | 191 கிலோ | 193 கிலோ | 196 கிலோ | 241 கிலோ |
| டேங்க் | 15 லி | 13 லி | 17 லி | 15.7 லி |
| சீட் உயரம் | 765 மி.மீ. | 800 மி.மீ. | 825 மி.மீ. முதல் | 740 மி.மீ. |
| தரை இடைவெளி | 170 மி.மீ. | 157 மி.மீ. | 230 மி.மீ. | 135 மி.மீ. |

அந்த 175 கிலோவையும் சேர்த்து ஒரு டன்னுக்கு எத்தனை பிஎஸ் என்று பார்த்தால் மீட்டியாருக்கு 56, டோமினாருக்கும் ஹிமாலயனுக்கும் 108 ஒட்டி, சூப்பர் மீட்டியாருக்கு 113. மீட்டியார் 350 மற்ற மூன்றில் பாதி. இந்த ஓர் எண்ணே நிறையச் சொல்லிவிடும். சமவெளியில் 80-இல் அது அலட்டாமல் ஓடும், 90 வரை சிரமமில்லை. அதற்கு மேல் கைப்பிடியிலும் மிதியிலும் அதிர்வு ஏறும், ஓவர்டேக் செய்யக் கையில் மிச்சம் எதுவும் இருக்காது. எதிரே பஸ் வரும் இருவழிச் சாலையில் லாரியைக் கடக்க நினைத்தால், தனியாகப் போகும்போது போதுமான இடைவெளி இருவரோடு போதாது. இதைப் புரிந்துகொண்டு ஓட்டுபவருக்கு நல்ல வண்டி. அவசரக்காரருக்கு ஆகாது.

மீதி மூன்றும் தாளில் சமம்போலத் தெரிந்தாலும் சாலையில் அப்படியில்லை. 650-இன் டார்க்கில் 80 சதவீதம் 2,500 ஆர்பிஎம்மிலேயே கிடைக்கிறது என்பது கம்பெனிக் கணக்கு. ஓட்டினாலும் அப்படித்தான் இருக்கிறது. டாப் கியரில் 60-இல் போகும்போது திராட்டிலைத் திருகினால் போதும், கிளம்பிவிடும். டோமினாருக்கு உச்ச டார்க்கே 6,500-இல்தான். அதே வேலைக்கு இரண்டு கியர் இறக்க வேண்டும். ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் பின்னால் இருப்பவரின் ஹெல்மெட் முன்னால் இருப்பவரின் ஹெல்மெட்டில் 'டொக்' என்று இடிக்கும். நாள் முழுக்க இது நடந்தால் மாலையில் இருவருக்கும் பேச்சு இருக்காது. ஹிமாலயன் இந்த விஷயத்தில் நடுவில்: ஒரு கியர் இறக்கினால் போதும்.

இனிப் பின்சீட். பலரும் தவறுவது இங்கேதான். க்ரூஸரில் (இரண்டு மீட்டியார்களும் அந்த வகை) கால் முன்னால் நீண்டிருப்பதால் உடம்பின் மொத்த பாரமும் வால் எலும்பில் இறங்குகிறது. குழி வருவதைப் பார்த்தாலும் மிதியில் கால் ஊன்றி எழும்ப முடியாது. அதிலும் சூப்பர் மீட்டியாரின் பின் சஸ்பென்ஷன் அசைவு 101 மி.மீ. மட்டுமே. வழவழப்பான தேசிய நெடுஞ்சாலையில் அது சோபா. திண்டிவனம் தாண்டி உள்ளூர்ச் சாலைக்குத் திரும்பிய உடனே வாங்கும் குத்துகள் நேராக முதுகுத்தண்டுக்குப் போகும். ஹிமாலயனுக்கு முன்னும் பின்னும் 200 மி.மீ. அசைவு; மிதியும் உடம்புக்கு நேர் கீழே இருப்பதால் பின்னால் இருப்பவரும் சற்று எழும்பிக் குழியைத் தாண்டலாம். சீட் மெத்தை சூப்பர் மீட்டியாரினது போல அகலமில்லை. ஆனால் சாலை கெட்டால் மெத்தையைவிட ஸ்பிரிங்தான் காப்பாற்றும்.

சூப்பர் மீட்டியார் வாங்குவதானால் டூரிங் சீட், பின்சாய்வு, காற்றைத் தடுக்கும் முன் கண்ணாடி மூன்றும் சேர்ந்து வரும் செலஸ்டியல் மாடலாகவே எடுப்பது நல்லது. பின்சாய்வு சொகுசுக்காக மட்டுமல்ல. அது இல்லாத வண்டியில் ஒவ்வொரு முறை வேகம் கூட்டும்போதும் பின்னால் இருப்பவர் வயிற்றுத் தசையை இறுக்கிப் பிடித்தாக வேண்டும், களைப்பு அங்கிருந்துதான் வருகிறது. டோமினாருக்கு 2021 அக்டோபரிலிருந்து உயரக் கண்ணாடி, கேரியர், பின்சாய்வு எல்லாம் கம்பெனியே பொருத்தித் தருகிறது. தனியாக வாங்கினால் ஆகும் செலவு மிச்சம். கண்ணாடி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: முன்னால் இருப்பவருக்குக் காற்று அடங்கினாலும், உயரமாக உட்காரும் பின்சீட்காரரின் ஹெல்மெட்டில் அது கலங்கிப்போய் அடிக்கலாம். டெஸ்ட் ரைடில் அவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஏறி இறங்குவதும் கணக்கில் உண்டு. ஹிமாலயனில் பைகள் கட்டிய பிறகு காலை வீசிப் போட்டு ஏற முடியாது. ஓட்டுபவர் இரு காலையும் ஊன்றி முன் பிரேக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்னால் ஏறுபவர் அவர் தோளைப் பிடித்து, இடது மிதியில் கால் வைத்து, நேராக எழுந்து நின்று மறு காலைக் கடத்த வேண்டும். சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் இப்படி ஏறினால் ஸ்டாண்ட் வளையும். ஓட்டுபவர் குள்ளமாக இருந்தால், ஏறுபவர் எழும் அந்தக் கணத்தில்தான் வண்டி சாயும். மூட்டுவலி உள்ள துணைக்கு 740 மி.மீ. சீட் வரம்.

எந்த வண்டியானாலும் ப்ரீலோட் (பின் ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கம்) சரிசெய்யாமல் இருவரோடு கிளம்பக் கூடாது. பின் சக்கரம் தரையில் படாதபடி தூக்கி நிறுத்தி, ஆக்ஸில் நட்டிலிருந்து நேர் மேலே சீட் ஃப்ரேமில் ஒட்டிய டேப் குறி வரை அளக்கவும். பிறகு பைகளோடு இருவரும் கால்களை மிதியில் வைத்து உட்கார, ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அதே இடத்தை அளக்கவும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும்: சூப்பர் மீட்டியாரில் 30–33 மி.மீ., ஹிமாலயனில் 60–65. அதிகமாக அமுங்கினால் சி ஸ்பேனரால் ஒரு படி ஏற்றி மறுபடி அளக்கவும். இரட்டை ஷாக் உள்ள மீட்டியார்களில் இரு பக்கமும் ஒரே படியில் இருந்தாக வேண்டும். கடைசிப் படியிலும் அமுங்குகிறதென்றால் ஸ்பிரிங் தாங்கவில்லை என்று பொருள்; சாமானைக் குறைக்க வேண்டும், இல்லையேல் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். பின்பக்கம் அமுங்கியபடி ஓடினால் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், முன் சக்கரம் லேசாகி வளைவில் வண்டி வெளியே போகும். செயினும் இறுகும். ஆளில்லாமல் பார்க்கும்போது சரியாக இருக்கும் தளர்வு, இருவர் ஏறியதும் குறைந்துவிடும். கவனிக்காமல் விட்டால் கியர்பாக்ஸ் பேரிங்தான் பலியாகும். மேனுவலில் சொன்ன வரம்பில் தளர்ந்த பக்கமாக வைத்துக்கொண்டு, 500 கி.மீ.க்கு ஒருமுறை செயினுக்கு லூப் (எண்ணெய்) அடிக்கவும்.

மலைக்கு வருவோம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வால்பாறையின் 40-இலும் இருவரோடு விழுபவர்களில் பலர் வேகத்தால் விழுவதில்லை. பாதி வளைவில் இன்ஜின் அணைந்து, உள்பக்கம் கால் ஊன்றத் தரை கிடைக்காமல், நின்ற இடத்திலேயே சாய்கிறார்கள். ஏற்றத்தில் வளைவுக்கு முன்பே முதல் கியர், வெளிப்பக்கமாக அகலமாக நுழைவு, கிளட்ச் லேசாகப் பிடித்தபடி ஒரே சீராகத் திராட்டில். இங்கே 1,500 மி.மீ. வீல்பேஸும் (இரு சக்கர அச்சுகளுக்கு இடையிலான நீளம்) 241 கிலோவும் சூப்பர் மீட்டியாருக்கு எதிரி. ஹிமாலயன் சுலபமாகத் திரும்பும். மீட்டியார் 350 மெதுவாகவேனும் நம்பிக்கையாக ஏறிவிடும். அதன் இழுவை கீழ் ஆர்பிஎம்மிலேயே இருப்பதுதான் காரணம். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வராமல் இரண்டாவது கியரில் இன்ஜினே பிடிக்கட்டும். பின்னால் பாரம் இருப்பதால் தனியாகப் போகும்போதைவிடப் பின் பிரேக் நன்றாக வேலை செய்யும்.

லடாக் கனவு இருந்தால் கணக்கு மாறுகிறது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போதெல்லாம் இன்ஜின் சக்தியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போகும். ஃபியூயல் இன்ஜெக்ஷன் கலவையைத்தான் சரிசெய்யும், இல்லாத ஆக்சிஜனைக் கொண்டுவராது. 5,000 மீட்டர் கணவாயில் 20 பிஎஸ் வண்டியில் இருவர் என்றால், சில ஏற்றங்களில் பின்சீட்காரர் இறங்கி நடக்க வேண்டியிருக்கும், அந்த உயரத்தில் நடப்பதற்கே மூச்சு வாங்கும். மணாலி–லே சாலையில் தாண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்கில் 'அடுத்த பங்க் 365 கி.மீ.' என்ற பலகை பிரசித்தம். பாரத்தோடு லிட்டருக்கு 27 கி.மீ. என்றாலும் ஹிமாலயனின் 17 லிட்டர் 450 கி.மீ.க்கு மேல் வரும்; டோமினாரின் 13 லிட்டருக்குக் கேன் வேண்டும். சூப்பர் மீட்டியார் 22–25 தருவதால் அதுவும் 365-ஐ ஒட்டித்தான் நிற்கும்.

ஹிமாலயனில் பெரிய குறை ட்யூப் டயர். டோமினாரிலும் சூப்பர் மீட்டியாரிலும் அலாய் வீல், ட்யூப்லெஸ்; மீட்டியார் 350-இன் பெரும்பாலான மாடல்களிலும் அப்படித்தான். ஆணி ஏறினால் ஸ்ட்ரிப் சொருகி, காற்றடித்துக் கிளம்பிவிடலாம். ட்யூப் என்றால் சக்கரத்தைக் கழற்றி பஞ்சர் கடை தேட வேண்டும். காற்று இறங்கும் வேகமும் அதிகம், இருவரோடு பின் டயர் சட்டென இறங்குவது ஆபத்து. இருவர் பயணத்துக்கு என்றால் ட்யூப்லெஸ் ஸ்போக் வீல் உள்ள மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் யோசிக்கவே வேண்டாம்.

சாமான் கட்டுவதில் ஒரே விதி: கனமானது கீழே, பின்சீட்காரரின் கால் பக்கம். டாப் பாக்ஸ் பின் ஆக்ஸிலுக்கும் அப்பால் தொங்குவதால் அதில் மழைக்கோட்டும் துணியும் போதும். பத்து கிலோ ஏற்றினால் 80-இல் ஹேண்டில் ஆடத் தொடங்கும். சூப்பர் மீட்டியாரில் இரு பக்கமும் சைலன்ஸர். சேடில் ஸ்டே (பையைத் தள்ளி நிறுத்தும் கம்பி) போடாமல் துணிப் பை தொங்கவிட்டால் வேலூர் போவதற்குள் பை கருகும்.

விலையில் 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு இடைவெளி விரிந்திருக்கிறது. 350 சிசி வரை ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு மேல் செஸ்ஸோடு 31 ஆக இருந்தது 40 ஆனது. 349 சிசியில் நிற்கும் மீட்டியாருக்கு யோகம். சூப்பர் மீட்டியார் ஏறத்தாழ அதன் இரு மடங்கு விலை.

வருடத்துக்கு இரண்டு முறை மதுரை, கன்னியாகுமரி, 80-இலேயே திருப்தி என்பவர் மீட்டியார் 350 எடுத்து மிச்சப் பணத்தில் நல்ல ஜாக்கெட்டும் இன்டர்காமும் வாங்கலாம். நெடுஞ்சாலையே கதி, துணைக்குச் சொகுசு முக்கியம் என்றால் 650, ஊர் வேகத்தடைகளில் அடிவயிறு இடிப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மலை, கெட்ட சாலை, வடக்கு என்று எல்லாம் போக நினைப்பவருக்கு ஹிமாலயன் 450-ஐத்தான் சொல்வோம். டோமினார் பணத்துக்கு நிறையத் தருகிறது, ஆனால் பின்சீட்காரர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும்.

டெஸ்ட் ரைடுக்குத் தனியாகப் போக வேண்டாம். துணையையும் ஹெல்மெட்டோடு அழைத்துப்போய், ஷோரூம் பையனிடம் காற்றழுத்தத்தை இருவருக்கான அளவுக்கு ஏற்றச் சொல்லி, ஒரு மேம்பாலம், மூன்று வேகத்தடை, ஒரு யூ டர்ன் உள்ள பாதையில் குறைந்தது அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கவும். இறங்கியதும் முதல் கேள்வியைப் பின்னால் இருந்தவரிடம் கேட்கவும்.